பெட்டியோட பின்பக்கம்

காசு வேணாம்னு ஃபோன்லயே சொன்னேனே சார், பர்ஸை உள்ள வைங்க. ரிப்பேர் எதுவும் இல்ல. திருட்டுப் பொருளும் இல்ல. சும்மா தர்றேன்னு ஒருத்தன் சொன்னா சந்தேகம் வரத்தான் செய்யும், உங்க எடத்துல நான் இருந்தாலும் பெட்டியைத் தட்டித்தான் பார்த்திருப்பேன். அதுக்குத்தான் வாங்கின ரசீது, அட்டைப்பெட்டி, உள்ள வந்த தெர்மாக்கோல் முதக்கொண்டு எடுத்து வச்சிருக்கேன். பதினோரு வருஷமா அந்த அட்டைப்பெட்டி அலமாரிக்கு மேல இருந்தது. பாருங்க, ஒரு மூலை கூட நசுங்கல.

உட்காருங்க. இல்ல, உட்காரவும் நேரம் இல்ல. மூணு மணிக்கு வர்றேன்னீங்க, இப்ப மூணே முக்கால். உங்களைக் குத்தம் சொல்லல, பஸ் வரலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா நாலரைக்கு எங்க வீட்டுல திரும்பி வந்துடுவாங்க. அதுக்குள்ள இந்தப் பெட்டி வீட்டை விட்டுப் போயிருக்கணும் சார். வேற எதுவும் எனக்கு வேண்டியதில்ல. பை கொண்டுவந்திருக்கீங்களா? பரவாயில்ல, நான் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், தோள்ல மாட்டுற பை, அதையும் நீங்களே வச்சுக்குங்க.

சேச்சே, பொண்டாட்டிக்குத் தெரியாம குடுக்கிறேன்னு நெனைச்சுக்காதீங்க. அவளுக்கு இது போனா நிம்மதி. சக்களத்தின்னுதான் இதுக்குப் பேரே வச்சிருக்கா. வேலை விட்டு வந்ததும் ஷூவைக் கழட்டின கையோட நேரா இங்க வந்து உட்காருவேன். அவ உள்ளேர்ந்து குரல் குடுப்பா, உங்க சின்ன வீட்டுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைக்கட்டுமான்னு. எனக்குக் காதுல விழாது. விழாத மாதிரி இருப்பேன்னும் சொல்லலாம். அவ வந்து ஹெட்ஃபோனை ஒரு பக்கம் தூக்கி, காதுக்குள்ளயே இன்னொரு தடவை சொல்லிட்டுப் போவா.

நீங்க இதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர் வச்சிருந்ததில்லையா? அப்ப ரெண்டு நிமிஷம் சொல்லிடறேன், சொல்லாம குடுத்தா மனசு கேக்காது. லேப்டாப்போ ஃபோனோ, அதுலேர்ந்து வர்ற சத்தம் நோஞ்சானா வரும் சார். கூடவே உள்ள இருக்குற கரண்ட் இரைச்சலும் வரும், காதோரம் கொசு சுத்துற மாதிரி. இது அந்தச் சத்தத்தை வாங்கி, சுத்தமா, தெம்பா ஹெட்ஃபோனுக்கு அனுப்பும். அவ்வளவுதான் இதோட வேலை. முன்னாடி வால்யூம் நாப். பக்கத்துல பின் சொருகுற ஓட்டை ரெண்டு, பெரிய பின்னுக்கு ஒண்ணு, சின்ன பின்னுக்கு ஒண்ணு. ஒரு பச்சை லைட்டு. பின்னாடி வயருங்கதான், வேற ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் பார்க்க வேண்டியதே இல்ல, ஒரு தடவை சொருகினா சொருகினதுதான்.

வெளிநாட்டுல இருந்தப்ப வாங்கினது. ஒரு ரூம்ல நாலு பேரு, ஆளுக்கொரு ஷிஃப்ட். எந்நேரமும் எவனாவது ஒருத்தன் தூங்கிட்டிருப்பான். பாட்டுக் கேக்கணும்னாலும் ஹெட்ஃபோன், வீட்டுக்குப் பேசணும்னாலும் ஹெட்ஃபோன். என் பொண்ணு அப்ப ஸ்கூல் படிச்சிட்டிருந்தா. வாரத்துல ஒரு நாள் பேசுவா. பேசுவான்னா, அவங்கம்மாகூட அந்த வாரம் போட்ட சண்டையெல்லாம் முதல்லேர்ந்து நடிச்சுக் காட்டுவா. அம்மாவுக்கு ஒரு குரல், அவளுக்கு ஒரு குரல். அம்மா சொல்ற கடைசி வார்த்தை முடியறதுக்குள்ள இவ வார்த்தை ஆரம்பிச்சிருக்கும். இந்தப் பெட்டி வழியாக் கேட்டா நடுவுல அவ மூச்சு வாங்குறது கூடத் தனியாக் கேக்கும். அப்பவே எனக்குத் தோணியிருக்கணும், இவளுக்கு இந்த வேலைதான் வரும்னு.

அதுவா, மொழிபெயர்க்கிற வேலை. புஸ்தகம் இல்ல சார், பேச்சு. பெரிய பெரிய கூட்டங்கள்ல ஒருத்தர் ஒரு மொழியில பேசிட்டே இருப்பாரு, ஓரமா ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள்ள இவ உட்கார்ந்து, அவரு வாயை மூடுறதுக்குள்ள அதை வேற மொழியில சொல்லிட்டே போகணும். காது ஒருத்தருக்கு, வாய் இன்னொருத்தருக்கு. மூணு வருஷமாப் படிக்கிறா. இருபத்தி நாலு வயசாகுது. அடுத்த மாசம் எட்டாம் தேதி தேர்வு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வைப்பாங்க.

சரி, அதை விடுங்க. நீங்க கேட்டுப் பாருங்க ஒரு தடவை. கேக்காம எடுத்துட்டுப் போகாதீங்க, அப்புறம் ஃபோன் பண்ணி இரைச்சல் வருதுன்னு சொல்லக் கூடாது. இந்தாங்க, இந்தக் கனமான ஹெட்ஃபோனை மாட்டுங்க. ஆமா, கழுத்து கொஞ்சம் இறங்கும். இதையும் எடுத்துட்டுப் போயிடுங்க, தனியா இருந்து என்ன பண்ணப் போகுது. நாப் பூஜ்யத்துல இருக்குல்ல, இப்ப மெதுவாத் திருப்புங்க. வருதா?

சத்தம் கம்மியா இருக்கா? இன்னும் கொஞ்சம் திருப்புங்க. இன்னும். இது கொஞ்சம் முரட்டு ஹெட்ஃபோன், தீனி நிறைய கேக்கும். இன்னும் திருப்பலாம், பயப்படாதீங்க. போதுமா?

சுவிட்சா? எந்தச் சுவிட்சு? நெட்ல படிச்சீங்களா. அது வேற மாடலா இருக்கும் சார், நிறைய மாடல் இருக்கு. நீங்க பாட்டைக் கேளுங்க. அந்த ரெண்டாவது வயலின் வர்ற எடம் வரைக்கும் கேளுங்க.

நல்லா இருக்குல்ல. கண்ணை மூடிட்டாரு. கேளுங்க, கேளுங்க. நான் ஒரு மாசமா இதுல உட்காரல. பதினாறு நாளுதான் ஆகுது, ஒரு மாசம் மாதிரி இருக்கு. என் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. விதிப்படிதான் பண்ணினா, ஒண்ணு கூட மாத்தல.

என்ன சார்? கழட்டிட்டீங்களா? நான் ஒண்ணும் சொல்லலையே. ஓ, இதுக்கு வெளிப்பக்கம் வலைதானே, வெளியில பேசுறது உள்ள கேக்கும். எனக்கே மறந்துடுச்சு. ஒண்ணும் இல்ல, சும்மா எனக்கு நானே பேசிக்கிட்டேன்.

அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கிற தாளா? அது நான் எழுதினதுதான். விதிமுறை. ஒண்ணு, பின்னைச் சொருகறதுக்கு முன்னாடி நாப் பூஜ்யம். ரெண்டு, சொருகினப்புறம்தான் காதுல மாட்டணும். மூணு, எழுந்து போகும்போது எல்லாத்தையும் பழைய நெலைக்குக் கொண்டுவந்துட்டுப் போகணும். என் பொண்டாட்டி அதுக்குக் கீழ பென்சில்ல எழுதியிருக்கா பாருங்க, நாலு, கும்பிட்டுட்டு உட்காரவும். அவ அப்படித்தான், நக்கல் ஜாஸ்தி.

எனக்கு இது தொழில் புத்தி சார். லிஃப்ட் கம்பெனியில மேற்பார்வை பார்க்கிறேன். எங்க வேலையில பாதி என்ன தெரியுமா, ரிப்பேருக்காக மாத்தின சுவிட்சைத் திரும்பப் பழைய எடத்துல வைக்கிறது. லிஃப்டுக்கு ஒரு சுவிட்ச் உண்டு, அதை மாத்தினா கதவு திறந்திருந்தாலும் வண்டி நகரும். சோதனை பண்றப்ப மட்டும் மாத்துவோம். முடிஞ்சதும் திருப்பி வைக்கணும், வச்சுட்டு கையெழுத்துப் போடணும். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க மெக்கானிக் ஒருத்தரு, தாடிக்காரருன்னு கூப்பிடுவோம், பத்தொன்பது வருஷ சர்வீஸ், திருப்பி வைக்க மறந்துட்டாரு. ஒரு அம்மா கால் வச்சு ஏறும்போதே லிஃப்ட் கெளம்பிடுச்சு. நூலிழையில தப்பிச்சாங்க, செருப்பு மட்டும் போச்சு. நான் விசாரிக்கப் போனேன். நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அந்த மனுஷன் சொன்னாரு, நான்தான் சார் மறந்துட்டேன்னு. அப்படியே, தண்ணி குடிச்சேன்னு சொல்ற மாதிரி. நான் அறிக்கை எழுதினேன். மன்னிக்க முடியாத கவனக்குறைவுன்னு என் கையாலதான் எழுதினேன். வேலை போயிடுச்சு. இப்ப எங்க இருக்காருன்னு தெரியல.

அதை ஏன் உங்ககிட்ட சொல்லிட்டிருக்கேன். மணி என்ன? நாலு அடிக்கப் போகுது. வயரையெல்லாம் கழட்டித் தர்றேன், இருங்க, நீங்க பின்னாடி போகாதீங்க, தூசி. நானே பண்றேன்.

நாப் மேல இருக்குறதா? அது நகப்பூச்சு. சொரண்டினா வந்துடும். என் பொண்ணு வச்ச புள்ளி. லேப்டாப்ல நேரா சொருகினா இரைச்சல்ல பேச்சு தெளிவா வரலைன்னு, இதுலதான் பயிற்சி பண்ணுவா. நான்தான் பண்ணச் சொன்னேன். தாளைக் காட்டி, விதியெல்லாம் ஒப்பிக்கச் சொல்லி, அப்புறம்தான் உட்கார விட்டேன். பரீட்சை வைக்கிற மாதிரி நின்னுக்கிட்டிருந்தேன்னு இப்பவும் சொல்லிச் சிரிப்பா. சிரிச்சிட்டிருந்தா. அவ பயிற்சிக்கு எவ்வளவு சத்தம் சரியா இருக்கும்னு ஒரு நாள் பொறுமையாப் பார்த்து, அந்த எடத்துல ஒரு செவப்புப் புள்ளி வச்சா. தெனமும் அந்தப் புள்ளிக்குத் திருப்புவா, அதுக்கு மேல ஒரு மயிரிழை போக மாட்டா.

காட்டுறேன், அவ எப்படி உட்காருவான்னு. இப்படி. காதுல சொருகுற சின்ன இயர்ஃபோன், இடது காதுல மட்டும். வலது காது சும்மா இருக்கும், அவ பேசுறதை அவ கேக்கணும்ல. இந்த வேலை செய்யிறவங்க நிறைய பேரு அப்படித்தானாம், ஒரு காது வாங்குறதுக்கு, ஒரு காது தன்னைத்தானே பார்த்துக்குறதுக்கு. எங்கயோ நடந்த கூட்டத்தோட ஒலிப்பதிவை ஓட விட்டு, அது கூடவே பேசிட்டுப் போவா. நான் சமையல்கட்டுல நின்னு கேப்பேன். எனக்கு ஒரு மொழி தெரியும், இன்னொண்ணு அரைகுறை. ஆனாலும் எங்கயாவது அவ தடுமாறினா எனக்குத் தெரிஞ்சிடும், ஒரு சின்ன மூச்சு விடுவா.

அவளுக்கு என்னாச்சுன்னா கேக்குறீங்க. நான் இன்னும் சொல்லவே இல்லையே. சிரிச்சிட்டிருந்தான்னு சொன்னதுலேர்ந்தே புரிஞ்சிக்கிட்டீங்க போல.

போன மாசக் கடைசி வியாழக்கிழமை. மத்தியானம் மூணு மணி. தெனமும் போல உட்கார்ந்திருக்கா. நாப் பூஜ்யம், பின் சொருகி, அப்புறம் காதுல மாட்டி, புள்ளிக்குத் திருப்பி, ஒலிப்பதிவை ஓட விட்டிருக்கா. ஆரம்பத்துல பத்து வினாடி ஒண்ணும் இல்ல. கூட்டத்துல அப்படித்தான், மைக்கைப் பிடிச்சு யாராவது சரி பண்ணிட்டிருப்பாங்க. அப்ப மைக் ஊளையிடும் பாருங்க, கல்யாண மண்டபத்துல எல்லாம் கேட்டிருப்பீங்க, கீன்னு. அது வந்திருக்கு. அவ பக்கத்துல வெடி வச்ச மாதிரி வந்திருக்கு.

இடது காது மட்டும். உள்ள நரம்பு நுனியெல்லாம் அடிபட்டிருக்குன்னாரு டாக்டர். மேல் சுருதி எதுவும் கேக்கல. அதோட ஒரு விசில் சத்தம், எந்நேரமும், நிக்காம. தூரத்துல யாரோ ஊதிட்டே இருக்குற மாதிரியாம். வீடு அமைதியா இருந்தா அது அதிகமாயிடுதுன்னு வாஷிங் மெஷின் பக்கத்துல போய் உட்கார்ந்துக்கிறா. துவைக்கத் துணி இல்லன்னாலும் ஓட விடுவா. வெறும் தண்ணி சுத்துறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா சார், நானும் எதுவும் கேக்காம மெஷினுக்குத் துணி கொண்டாந்து போடுவேன். என்கிட்ட இருக்குற நல்ல சட்டையெல்லாம் ரெண்டு வாரத்துல வெளுத்துப் போச்சு.

ரெண்டு வாரம் மாத்திரை குடுத்திருந்தாரு. திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம்னாரு. இன்னைக்குத்தான் மறுபடி டெஸ்ட். அம்மாவும் பொண்ணும் அங்கதான் போயிருக்காங்க. தேர்வுல முதல் சுற்றே காது டெஸ்ட்தான் சார். ரெண்டு காதும் ஒரு அளவுக்கு மேல கேக்கணும்.

எப்படி ஆச்சுன்னா, அவ கவனிக்காம நாப்பை ஜாஸ்தியாத் திருப்பிட்டா. அப்படித்தான் வீட்டுல பேச்சு. அவங்கம்மா முதல் நாளே சொல்லிட்டா, நீ ஃபோனைப் பார்த்துக்கிட்டே திருப்பியிருப்பேன்னு. இவ மூணு நாளு சண்டை போட்டா, இல்லம்மா புள்ளியிலதான் நிறுத்தினேன்னு. நாலாவது நாளு குரல் இறங்கிடுச்சு. ஒருவேளை தாண்டிடுச்சோ என்னவோன்னா. அஞ்சாவது நாளு டாக்டர் குடுத்த தாள்ல, எப்படி ஆச்சுன்னு கேட்டிருந்த எடத்துல, அவளே எழுதினா, என் கவனக்குறைவால்னு. நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். பேனா நான்தான் குடுத்தேன்.



இல்ல, டாக்டர் நம்பிட்டாரு. நம்பாதது அவளோட டீச்சரம்மா ஒருத்தங்கதான். இருபது வருஷம் அந்தக் கண்ணாடிக் கூண்டுல உட்கார்ந்தவங்க, காதுல மாட்டுற சாமான் பத்தி அவங்களுக்குத் தெரியாதது இல்ல. நேத்து ஃபோன்ல இவகிட்ட சொல்லியிருக்காங்க, நீ புள்ளியில நிறுத்தியிருந்தா அவ்வளவு சத்தம் வர வழியே இல்லையே, புள்ளியைக் கொஞ்சம் தாண்டியிருந்தாலும் வராதே, நான் அந்தப் பெட்டியைப் பார்க்கணும்னு. இன்னைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து இவங்க கூடவே வர்றாங்க. இவ சொல்றா, அப்பா, டீச்சர் வந்து பார்த்துட்டா எனக்கே ஒரு தெளிவு கெடைச்சிடும், நான் பைத்தியமான்னு தெரிஞ்சிடும்னு. சிரிச்சிட்டே சொன்னா.

அதனாலதான் சார் நாலரைக்குள்ள. அவங்க வர்றப்ப பெட்டி இல்லன்னா, அந்தச் சனியனைப் பார்க்கவே பிடிக்கல, தூக்கிக் குடுத்துட்டேன்னு சொல்லிடுவேன். நம்புவாங்க. பொண்ணுக்காக உசுரையே குடுத்துட்டாரு மனுஷன்னு என் பொண்டாட்டி அழுவா. அது வேற.

என்ன அப்படிப் பார்க்குறீங்க.

ஃபோன் என்னுதுதான். அடிக்கட்டும். மெசேஜ் சத்தம்தான். அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இதைப் பைக்குள்ள வைப்போம். தெர்மாக்கோலை இந்தப் பக்கம் பிடிங்க. அட்டைப்பெட்டி வேணாம்னா விடுங்க, நேரா பையில வச்சிடலாம். கனம் ஒண்ணும் இல்ல. ஜிப்பு கொஞ்சம் தகராறு பண்ணும், கீழேர்ந்து இழுங்க. ஆச்சு. பின்வாசல் படி வழியாப் போங்க, அதான் சீக்கிரம்.

இதை யாரு கேக்கப் போறீங்க, நீங்கதானே? பாட்டுக்குத்தானே?

உங்க வீட்டம்மாவா. என்ன வேலை பார்க்கிறாங்க? ஃபோன்ல பேசுற வேலையா. நாள் பூரா. வீட்டுலேர்ந்தேவா. அவங்களுக்குத்தான் சத்தம் சரியா வரலைன்னு இதைத் தேடினீங்களா.

அவங்க எதை மாட்டிப்பாங்க? இந்த மாதிரி பெருசா, இல்ல காதுக்குள்ள சொருகுறதா?

காதுக்குள்ள சொருகுறதா.

ஒரு நிமிஷம் அந்தப் பையைக் கீழ வைங்க சார். இல்ல, குடுக்கிறேன், குடுக்க மாட்டேன்னு சொல்லல. ஒரு நிமிஷம். மெசேஜைப் பார்த்துடறேன்.

அவதான் அனுப்பியிருக்கா, என் பொண்டாட்டி. மாற்றம் இல்ல. அவ்வளவுதான் போட்டிருக்கா, ரெண்டே வார்த்தை. அடுத்தது, கெளம்பிட்டோம். அடுத்தது, டீச்சரும் வர்றாங்க, பால் இருக்கான்னு பாருங்க.

பால் இருக்கு.

சார், நீங்க நெட்ல படிச்சது சரிதான். சுவிட்ச் இருக்கு. பின்னாடி, வயர் சொருகுற ரெண்டு ஓட்டைக்கு நடுவுல, நகத்தால தள்ளுற அளவுக்குச் சின்னதா. கண்ணுக்குத் தெரியாது, கைவிட்டுத் தடவித்தான் தள்ளணும். கீழ இருந்தா காதுல சொருகுற சின்ன இயர்ஃபோனுக்கு. மேல தள்ளினா இந்த மாதிரி முரட்டு ஹெட்ஃபோனுக்கு. மேல இருக்குறப்ப சத்தம் பத்து மடங்கு. நாப் எங்க இருந்ததோ அங்கயேதான் இருக்கும், ஆனா பத்து மடங்கு. உங்க வீட்டம்மா உட்காருறதுக்கு முன்னாடி, தெனமும், ஒவ்வொரு தடவையும், விரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் காதுல மாட்டணும். அவங்களுக்கு அந்தச் சுவிட்ச் அங்க இருக்குன்னு முதல்ல தெரிஞ்சிருக்கணும். நீங்க சொல்லணும். தாள்ல எழுதி ஒட்டினாப் பத்தாது, கையைப் பிடிச்சு அந்த எடத்துல வச்சுக் காட்டணும்.

என் பொண்ணுக்குத் தெரியாது. நான் காட்டல. தாள்ல மூணு விதி எழுதினவன், அதை எழுதல. ஏன்னா அதைத் தொடுறவன் நான் ஒருத்தன்தானேன்னு விட்டுட்டேன். சின்ன இயர்ஃபோன் மாட்டுறவளுக்கு அது எதுக்குன்னு விட்டுட்டேன்.

ஆமா சார். அன்னைக்குக் காலையில நான் இந்தக் கனமான ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டுட்டிருந்தேன். சுவிட்சை மேல தள்ளிட்டுத்தான் கேப்பேன், இல்லன்னா இப்ப நீங்க கேட்டீங்களே, அந்த மாதிரி மெலிசா வரும். நடுவுல ஃபோன் வந்துச்சு, ஒரு கட்டடத்துல லிஃப்ட் நின்னு போச்சு, உள்ள ரெண்டு பேருன்னு. எழுந்தேன். நாப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். பின்னைப் பிடுங்கினேன். ஹெட்ஃபோனைத் துணியால துடைச்சேன் சார், வேர்வை பட்டா மெத்தை கெட்டுப் போகும்னு. துடைச்சு அதுக்குண்டான கொக்கியில மாட்டிட்டுப் போனேன். அதையெல்லாம் பண்ண எனக்கு நேரம் இருந்திருக்கு. கையை மட்டும் பின்னாடி விடல.

அந்த ரெண்டு பேரையும் பத்திரமா வெளிய எடுத்தேன். ஒருத்தரு எனக்குக் கைகுடுத்தாரு.

திரும்பி வந்து வாசல்ல ஷூவைக் கழட்டிட்டிருந்தேன். அவ கத்தல. ஒரு மூச்சு மட்டும் கேட்டுச்சு, தடுமாறினா விடுவான்னு சொன்னேனே, அதைவிடப் பெருசா. உள்ள வந்து பார்க்குறேன், நாற்காலியிலேர்ந்து இறங்கித் தரையில உட்கார்ந்திருக்கா, ரெண்டு கையாலயும் இடது காதைப் பொத்திக்கிட்டு. ஒரு ஷூ என் கால்லயே இருக்கு. பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சு போச்சு சார். என்ன ஆச்சுன்னு யோசிக்கவே இல்ல. அவளைத் தாண்டிப் போனேன். அவ காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டா. முதல்ல கை பெட்டிக்குப் பின்னாடிதான் போச்சு. தடவி, சுவிட்சைக் கீழ தள்ளினேன். அதுக்கப்புறம்தான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

யாருக்கும் சொல்லல. உங்ககிட்டதான்.

ஏன் சார், ஏன் ஜிப்பைத் திறக்குறீங்க? வேணாம் சார். எடுத்துட்டுப் போங்க, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். உங்க வீட்டம்மாவுக்கு வேணாம்னா வழியில எங்கயாவது குப்பையில போட்டுட்டுப் போங்க. உங்களுக்கு இதுல என்ன நஷ்டம், நீங்க யாரோ, நாங்க யாரோ. இதை மேசை மேல பார்த்தா அந்தம்மா நேரா பின்னாடிதான் கைவிடுவாங்க. என் பொண்ணு பக்கத்துல நிப்பா. அவளுக்குப் புரிய ஒரு வினாடி ஆகாது. சுவிட்ச் மட்டும் இல்ல சார், நான் அன்னைக்குப் பின்னாடி என்ன தேடினேங்கிறதும் புரிஞ்சிடும்.

ஆமா. தெரியும். அவளும் இப்ப என் கவனக்குறைவால்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்துட்டிருக்கா. எட்டாம் தேதிக்கும் அதையேதான் எழுதப் போறா. வாழ்க்கை பூரா யாரு கேட்டாலும் அதைத்தான் சொல்லப் போறா. தெரியும் சார், நீங்க சொல்ல வேணாம்.

சரி, வைங்க. மேசை மேலயே வைங்க. பின்பக்கம் வாசலைப் பார்த்து இருக்கட்டும். நான் தொடல, நீங்களே அந்தச் சுவிட்சை மேல தள்ளிடுங்க. கைக்குத் தட்டுப்படுதா? அதான். அன்னைக்கு இருந்த மாதிரி இருக்கட்டும்.

படியில பேச்சுக் குரல் கேக்குது, அவங்கதான். இருங்க சார், போகாதீங்க. ஒண்ணு மட்டும் விட்டுப் போச்சு, அவங்க உள்ள வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அன்னைக்கு நான் திரும்பி அவளைப் பார்த்தேன்னு சொன்னேன்ல. அவ என்னையேதான் பார்த்துட்டிருந்தா. கண்ணெல்லாம் தண்ணி, காதுலேர்ந்து கையை எடுக்கல. பெட்டிக்கு ஒண்ணும் ஆகலையேப்பான்னு கேட்டா.

ஒண்ணும் ஆகலம்மான்னு சொன்னேன்.